ஆறாவது நிறுத்தத்தில் ஒரு வாசல்

லண்டன், ஈஸ்ட்ஹாமில் எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் வங்கிகள் நிறைந்த கனரி வோர்ஃபின் கோபுரங்கள் தெரியும். பிரமிட் வடிவக் கூரையும் அதன் உச்சியில் மின்னும் விளக்குமாக நிற்கும் கட்டடத்தைக் காட்டித்தான் சின்ன வயதில் அம்மா எனக்குச் சோறு தீத்தினார். அங்கே போகச் சுரங்க ரயிலில் ஆறு நிறுத்தம். நடுவே வெஸ்ட்ஹாமில் வண்டி மாற வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் பத்தொன்பது வயதுவரை அந்தக் கட்டடங்களில் ஒன்றுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. அங்கே வேலை பார்த்தவர் என்று எங்கள் சொந்தத்திலும் ஒருவர் இல்லை.

கடந்த நவம்பரில் அங்கேயுள்ள ஒரு வங்கி என்னை உள்ளே அழைத்தது. வேலைக்கு அல்ல, 'இன்சைட் டே' என்று இங்கே சொல்லப்படும் ஒரு நாள் அறிமுகத்துக்கு. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறவர்களைக் கூப்பிட்டு, வங்கிக்குள் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, யார் செய்கிறார்கள், எப்படி உள்ளே வரலாம் என்று காட்டுவார்கள். அன்று நான் அறிந்துகொண்டதை நம் பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கறுப்புச் சப்பாத்து

போவதற்கு முதல் நாள் மாலை நான் எடுத்துவைத்த சப்பாத்து மண்ணிறம். நல்ல தோல், கல்யாண வீடுகளுக்கு மட்டும் போட்டது. "தம்பி, இதுக்கு என்ன குறை?" என்று அப்பா கேட்டார்.

குறை இருந்தது. பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையத்துக்காக 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, முதலீட்டு வங்கிகள் ஆள் எடுக்கும் முறையை ஆராய்ந்தது. சூட்டுக்கு மண்ணிறச் சப்பாத்துப் போட்டு வரும் இளைஞரைச் சில மேலாளர்கள் 'இந்த இடத்துக்குப் பொருந்தாதவர்' என்று எண்ணுவதை அது பதிவுசெய்தது. எந்த விளம்பரத்திலும் எழுதாத விதி இது. தகப்பன் வங்கியில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். எனக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில் ஆலோசகர் சொன்னதால் தெரிந்தது. அப்பா அன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கித் தந்தார்.

மதில் இருந்த நிலம்

கனரி வோர்ஃப் இருக்குமிடம் 1802இல் மேற்கிந்தியத் துறைமுகமாகத் திறக்கப்பட்டது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் ரம்மும் இங்கேதான் வந்து இறங்கின. சரக்குத் திருட்டுப் போகாமலிருக்கச் சுற்றிவர 20 அடி உயர மதில் எழுப்பினார்கள். 1980இல் துறைமுகம் மூடப்பட்டது. 1991இல் 235 மீட்டர் உயரத்தில் என் ஜன்னலில் தெரியும் அந்தக் கூரைக் கோபுரம் எழுந்தது. பழைய மதிலின் துண்டுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ரயிலடியில் இருந்து அந்த வங்கியின் கண்ணாடிக் கதவுவரை நடந்தபோது, எனக்குள் அந்த மதில் முழு உயரத்துக்கு நின்றது.

உள்ளே நாற்பது பேர்வரை இருந்தோம். வங்கி வேலை என்றால் திரைகளைப் பார்த்துக் கத்தி விற்று வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு சிறு பகுதிதான். கடன் திரும்பி வருமா என்று அளப்பவர்கள், சட்டவிதி மீறாமல் காப்பவர்கள், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் சரியாக முடிந்ததா என்று பார்ப்பவர்கள், கணினி நிரல் எழுதுபவர்கள் என்று மிச்சப் பேர்தான் அதிகம்.

இடர் அளக்கும் பிரிவில் இருந்து வந்த பெண் 2008 நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் திகதி லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. அதன் லண்டன் அலுவலகமும் கனரி வோர்ஃபில்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான அமெரிக்க வீட்டுக் கடன்களை வங்கிக்காரர்கள் ஒரு பொதியாகக் கட்டி விற்றார்கள். ஒருவர் கட்டாவிட்டாலும் மற்றவர்கள் கட்டுவார்கள் என்று நம்பினார்கள். ஆனால் எல்லாக் கடனும் வீட்டு விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் நின்றதால் சேர்ந்தே சரிந்தன என்றார். எனக்கு அம்மாவின் சீட்டு நினைவுக்கு வந்தது. ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்களைக் கூட்டமாகச் சீட்டில் சேர்க்க அம்மா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். அந்த இடம் மூடினால் அத்தனை பேரின் காசும் ஒரே மாதத்தில் நின்றுவிடும் என்பார்.

கொப்பியும் லாச்சியும்

மத்தியானம் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒரு கணக்குத் தந்தார்கள். பேரங்காடிகளுக்கு உறைய வைத்த உணவு செய்து கொடுக்கும் ஒரு கம்பனி. விற்பனை ஏறுகிறது, லாபமும் ஏறுகிறது. கடன் கேட்கிறது. கொடுக்கலாமா?

லாபத்தைப் பார்த்து என் குழு கொடுக்கலாம் என்றது. எனக்கு வேறொரு வரி உறுத்தியது. மூலப்பொருள் கொடுப்பவர்களுக்கு 30 நாளில் காசு கட்ட வேண்டும். பேரங்காடிகளோ 90 நாள் கழித்துத்தான் தரும். விற்பனை ஏற ஏற, நடுவிலுள்ள 60 நாளுக்குக் கைக்காசு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். எங்கள் கடையில் இருந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு அப்பா கடனுக்குச் சாமான் கொடுப்பார். கொப்பியில் லாபம் இருக்கும், மேசை லாச்சியில் காசு இருக்காது. மொத்த வியாபாரிக்கு மட்டும் உடனே கட்டியாக வேண்டும்.

தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். எங்களோடு இருந்த வங்கி ஊழியர் வெள்ளைப் பலகையில் எழுதினார்: 'வேர்க்கிங் கெப்பிட்டல்', நடைமுறை மூலதனம். சின்ன வயதில் இருந்து நான் கண்ட கஷ்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது. கடனைக் கொடுக்கலாம், ஆனால் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, எந்த நிபந்தனையில் என்று எங்கள் குழு திரும்பவும் உட்கார்ந்து கணக்குப் போட்டது.

எழுதாத நாட்காட்டி

எல்லாவற்றிலும் பெரிய செய்தி தேநீர் நேரத்தில்தான் கிடைத்தது. வங்கி வேலை என்பது படிப்பு முடிந்தபின் தேடுவது என்று எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். உண்மையில் அது முதலாம் ஆண்டு தொடங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் 'ஸ்பிரிங் வீக்' பயிற்சிக்குப் பல வங்கிகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பம் திறக்கின்றன. முந்தி வருகிறவர்களை முந்தியே எடுப்பதால், கடைசித் திகதிவரை காத்திருந்தால் இடம் முடிந்துவிடலாம். ஸ்பிரிங் வீக்கில் நன்றாகச் செய்தவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய ஆண்டின் கோடைகாலப் பயிற்சிக்கு வழி திறக்கிறது. அந்தப் பயிற்சியில் இருந்துதான் நிரந்தர வேலைகளில் பெரும்பங்கு நிரப்பப்படுகிறது. இருபத்தொரு வயதில் கிடைக்கும் வேலைக்குப் பதினெட்டு வயதில் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் போன நவம்பரில் பல வாசல்கள் ஏற்கெனவே மூடியிருந்தன. திறமை குறைந்து மூடியவை அல்ல. திகதி தெரியாமல் மூடியவை. இது எனக்கு இன்னும் வலிக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க அப்ரீச், எஸ்இஓ லண்டன், சட்டன் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இங்கே இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் தொழில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருப்பதையும் யாராவது சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே அக்கறையோடு இந்த மாதங்களையும் நாம் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும்.

இரவு வீட்டுக்கு வந்தேன். அப்பா கடைக் கொப்பியில் இருந்து தலை நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, வேலை தந்தவையோ?"

"இல்லையப்பா. எப்ப போய்க் கேக்கோணும் எண்டு சொல்லித் தந்தவை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிவிடு. அவள் வாற வருசம் யூனிக்குப் போறாள் எல்லோ."

கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். மாதங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.