மாவு வியாபாரம் தொடங்கலாமா? முதலில் இந்தக் கணக்கு

உங்கள் இட்லி மாவை அக்கம்பக்கத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். பாக்கெட் போட்டு விற்றால் என்ன என்று யோசிக்கிறீர்கள். நல்ல யோசனைதான். கிரைண்டருக்கு முன்பணம் கட்டுமுன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனை பேர் பாராட்டுவது போதாதா? போதாது. சும்மா கொடுத்த மாவைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. உறவோ பழக்கமோ இல்லாத பத்துப் பேர் முழு விலை கொடுத்து வாங்கி, அடுத்த வாரமும் தேடி வருகிறார்களா என்று பாருங்கள். வீட்டு கிரைண்டரை வைத்தே ஒரு மாதத்தில் இது தெரிந்துவிடும்.

கையில் என்ன நிற்கும்? உதாரணத்துக்கு, கிலோ பாக்கெட் ஒன்றைக் கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறீர்கள். அரிசி, உளுந்து, வெந்தயத்துக்கு 24, கவருக்கு 2, மின்சாரத்துக்கும் பெட்ரோலுக்கும் 4 போனால் மிச்சம் 10. நாளுக்கு 50 பாக்கெட் என்றால் 500 ரூபாய் என்று மனம் கணக்குப் போடும். சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்து, பாக்கெட் உப்பிவிடும். கடைக்காரர் ஆறு பாக்கெட்டைத் திருப்பினால் அந்த 240 ரூபாய் உங்கள் தலையில்தான். 500 அப்போதே 260 ஆகிவிடும். ஊறவைத்து, அரைத்து, கழுவி, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடும் உங்கள் கூலியும் இதற்குள்தான் வரவேண்டும். இந்தத் தொகைக்கு நீங்கள் சம்மதமா?

கிரைண்டர் வாங்கப் பணம் இருக்கிறதே, போதாதா? பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். கடைக்காரர்கள் வாரக் கடைசியில்தான் பணம் தருவார்கள்; அதுவும் சில நாள் தள்ளிப்போகலாம். நாளுக்கு 1,500 ரூபாய்ச் செலவு என்றால், பத்து நாளைக்கு 15,000 ரூபாய் வெளியே நிற்கும். இதை நடைமுறை மூலதனம் (அன்றாடம் சுழலும் பணம்) என்பார்கள். எல்லாப் பணத்தையும் இயந்திரத்தில் போட்டுவிட்டால் இரண்டாவது வாரம் உளுந்து வாங்கக் காசிருக்காது.

வேலையை விடலாமா? ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்துவைக்கும்வரை வேண்டாம். கல்லாவிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டத் தொடங்கினால் தொழில் தேறாது. நகையை அடகு வைத்துத் தொடங்குவதும் என் பார்வையில் தவறு. வியாபாரம் நிலைக்குமுன்பே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அரசு உதவி கிடைக்குமா? முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய்வரை அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். பெரிய அளவில் தொடங்குவோர் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அதில் பெண்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம் மானியம். ஆனால் அது உடனே கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி இன்றைய செலவைத் திட்டமிடாதீர்கள்.

உரிமம் எதுவும் வேண்டுமா? வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு அரைத்தால் அபராதம் வரலாம்; மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, அதற்குரிய இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம். அதற்குக் கட்டணமே கிடையாது. யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.