வரைகலைஞரும் புதிய கருவியும்

கொலன்னாவையில் திருமண அழைப்பிதழ் வரையும் பழைய மாணவராகிய எம் மேசைக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2023 மே மாதத்தில் அடோபி நிறுவனம் போட்டோஷொப்பிற் சேர்த்த புதுக் கருவி, படத்தின் வெற்றிடத்தைச் சொல்லின் ஏவலால் நிரப்பித் தரும். பின்னணி துடைக்கும் சலிப்பு ஒழிந்ததென மகிழ்வோருள் யாமும் அடங்குவோம். ஆயின், வடிவத்தையே அது வகுக்கப் புகுமிடத்து ஐயம் எழுகின்றது. பிக்மா மென்பொருளின் கருவி, வானிலைச் செயலி கேட்டவர்க்கு அப்பிளின் செயலியை ஒத்ததையே வரைந்து கொடுக்க, 2024 யூலையில் அந்நிறுவனம் அதனைத் தற்காலிகமாக நிறுத்திற்று. அடுத்த மாதமே புரோகிரியேட் நிறுவனம், இத்தகைய ஆக்க நுண்ணறிவைத் தன் மென்பொருளிற் சேர்ப்பதில்லை என அறிவித்தது. வரைஞர் பலர் வரவேற்றனர். எமது இடர் வேறு. கருவி வரைந்த தமிழெழுத்திற் கொம்பும் அரவும் இடம்மாறி நிற்கக் கண்டுள்ளோம். ஆதலின் மணமக்கள் பெயரை யாமே எழுதுகின்றோம்.