பழைய வீடு, புதுப் பத்திரம், எந்த வரி?

புதுக்கோட்டைப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை வாங்கி, தளம் மாற்றி, வெள்ளையடித்து, வருடம் முடிவதற்குள் கைமாற்றிவிடுகிற சிலர், “இது என் தொழில் இல்லை, சும்மா பொழுதுபோக்கு” என்பார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்கு வருமானத்துக்குத் தனி விதி உண்டு. நம் வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அதிகாரி பார்ப்பது ஒன்றுதான்: வாங்கியது வைத்துக்கொள்ளவா, விற்று லாபம் பார்க்கவா?

இதில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு கோவை வழக்கு. ஜனார்த்தனா மில்லை நிர்வகித்த வெங்கடசாமி நாயுடு நிறுவனம், மில்லை ஒட்டிய நான்கு மனைகளை 1941, 42-ல் சுமார் 8,700 ரூபாய்க்கு வாங்கி, 1947-ல் அந்த மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. நில வியாபாரம் அதன் தொழிலல்ல. ஐந்து வருடம் கையிலும் வைத்திருந்தது. ஆனாலும் 1958-ல் உச்ச நீதிமன்றம் அதை வியாபார லாபம் என்றே சொன்னது. வாங்கும்போதே மில்லுக்கு விற்கும் எண்ணம் இருந்ததாம். ஒரே ஒரு தடவை விற்றேன் என்பது தப்பிக்கும் வழியல்ல.

வைத்துக்கொள்ள வாங்கியதை விற்ற லாபம், அதாவது மூலதன ஆதாயம் என்றால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம், லாபத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்கும் உண்டு. வியாபாரம் என்றால் அந்த விலக்கு போச்சு, வழக்கமான அடுக்கு விகிதத்தில் வரி. ஆனால் கடன் வட்டி, புரோக்கர் கமிஷன், கொத்தனார் கூலி, பெயின்ட் செலவு எல்லாம் கழியும். ரசீது இருந்தால்!

நம்மூரில் அதிகம் ஏமாறுவது விவசாய நிலத்தில். 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேரைத் தாண்டிய புதுக்கோட்டை நகர எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மை. அதே நிலத்தை விற்பதற்கென்றே வாங்கியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இதைப் புரோக்கர் சொல்லமாட்டார்.

வழிகாட்டி மதிப்புக்கு வெகுவாகக் கீழே பத்திரம் போட்டாலும் வரி வழிகாட்டி மதிப்புக்கே வரும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம்.

நோட்டீஸ் வந்தால் அலறவேண்டாம், ஒதுக்கிவைக்கவும் வேண்டாம். குடியிருக்க வாங்கினீர்களா? குடும்ப அட்டை, மின் இணைப்பு, வீட்டுக்கடன் பத்திரம் பேசட்டும். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம், அதற்கு மேல் தீர்ப்பாயம், அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.