கருத்தரங்கு முடிந்த பின்னர் கருத்துப் படிவங்களுக்கு என்ன நேர்கின்றது?

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பிரதேசங்களில் மாநாடுகளுக்கும் செயலமர்வுகளுக்கும் குறைவில்லை. 1966ஆம் ஆண்டிலேயே மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு ஒன்று கூடிய வரலாறு இப்பிராந்தியத்துக்கு உண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு மறு ஆண்டில் தரமுயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 2011 முதல் சர்வதேச ஆய்வு மாநாடுகளை நடத்தி வருகின்றது. ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் அரச உத்தியோகத்தர்களுக்குமான பயிற்சி அமர்வுகள் கல்முனையிலும் அதனை அண்டிய ஊர்களிலும் அடிக்கடி இடம்பெறுகின்றன.

இவற்றுட் பலவற்றின் இறுதியில் ஒரே காட்சியையே காணலாம். நன்றியுரை நிகழ்ந்துகொண்டிருக்கும்போது மதிப்பீட்டுப் படிவம் கைக்குக் கை மாறும். அக்கரைப்பற்று பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எழுந்து நிற்பார். மஃரிபுக்கு முன்னர் வீடு சேர விரும்பும் ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொள்வார். அரை நிமிடத்தில் எல்லாக் கட்டங்களிலும் ‘மிக நன்று’ என அடையாளமிடப்பட்டு விடும். ஏற்பாட்டாளர் அவற்றைக் கட்டி எடுத்துச் செல்வார். அதன் பின்னர் அப்படிவங்களைப் பற்றி எவரும் கேள்விப்படுவதில்லை.

பங்குபற்றுநர்களின் அலட்சியமே இதற்குக் காரணம் எனக் கூறுவது நியாயமன்று. சிறிய ஊர்களில் கையெழுத்தைக் கொண்டே ஆளை அடையாளங் கண்டுவிடலாம். வளவாளர் நாளை அதிபராகவோ கல்விப் பணிப்பாளராகவோ வரக்கூடியவர். அழைத்து உபசரித்தவரைக் குறைகூறுவது மரியாதையன்று என்ற எண்ணமும் உண்டு. அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயமே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை, என்னும் பெயரைப் பெற்றிருக்க, ஆலோசனை கூறுவதை எதிர்ப்பாகக் கருதும் மனப்பாங்கு எம்மிடையே எவ்வாறு வேரூன்றியது என்பது வேறாக ஆராயப்பட வேண்டியதாகும்.

இதனைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீள்குடியமர்வு தடைசெய்யப்பட்டது. கடலுக்கும் வயல்நிலத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மாற்றுக் காணி எங்கே என்ற கேள்வியே மக்களிடம் எஞ்சியது. அக்காலத்தில் நிறுவனம் மாறி நிறுவனம் வந்து கூட்டங்களை நடத்தித் தேவைகளைக் கேட்டு எழுதிச் சென்றது. எழுதியவை என்னவாயின என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகச் சிலரே. சர்வதேச உதவி நிறுவனங்கள் ஒன்றிணைந்து மேற்கொண்ட சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் 2006ஆம் ஆண்டு அறிக்கையும், பாதிக்கப்பட்டோரே முன்னுரிமைகளைத் தீர்மானிக்கத் துணைநிற்பதே உதவியின் பணியாக வேண்டும் என வலியுறுத்தியது. கேட்கப்பட்டும் பதில் பெறாத மக்கள், அடுத்த படிவத்தில் மனந்திறந்து எழுதுவார்களென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

எதிர்மாறான முன்னுதாரணமும் எமது நாட்டிலேயே உண்டு. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி, 2016இல் நாடெங்கிலும் பெற்ற 7,306 சமர்ப்பணங்களின் அடிப்படையில் தயாரித்த அறிக்கையை 2017 ஜனவரியில் வெளியிட்டது. மக்கள் கூறிய ஒன்றுக்கொன்று முரணான கருத்துகளும் அதில் இடம்பெற்றன. அதன் விதந்துரைகளிற் பெரும்பாலானவை நடைமுறைக்கு வரவில்லை என்பது கசப்பான உண்மை. ஆயினும், யார் எதைக் கேட்டார்கள் என்பதை எவரும் இனி மறைத்துவிட முடியாது.

மாநாடொன்றுக்கு இத்துணை பெரிய அறிக்கை தேவையில்லை. ஆனால் படிவங்களை வாசிக்கும் முறையில் கவனம் வேண்டும். 40 பேர் கலந்துகொண்ட அமர்வொன்றில் 20 பேர் ஐந்து புள்ளியும் 20 பேர் ஒரு புள்ளியும் வழங்கினால் சராசரி மூன்று. அனைவரும் மூன்று புள்ளி வழங்கினாலும் சராசரி மூன்றே. முன்னைய நிலையில், ஆங்கிலத்தில் நிகழ்ந்த உரையைத் தமிழ்மொழி மூலம் கற்ற அரைவாசிப்பேர் விளங்கிக்கொள்ளாதிருந்திருக்கலாம். சராசரியை மாத்திரம் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

அமெரிக்க அறிஞர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு நிலைகளாக வகுத்தார்: பங்குபற்றியோரின் மனப்பதிவு, கற்றுக்கொண்டது, நடத்தையில் மாற்றம், இறுதி விளைவு. எமது படிவங்கள் முதலாவது நிலையையே தாண்டுவதில்லை. வகுப்பறையில் எதைப் பிரயோகித்தீர்கள் என்று இரண்டு மாதங்களின் பின்னர் கேட்டால் மட்டுமே மூன்றாவது நிலை தெரியவரும்.

பெயரும் பாடசாலையும் கேட்காத படிவம், மதிய உணவுக்கு முன்னரே அதற்கென ஒதுக்கிய பத்து நிமிடங்கள், பகிரங்க சபையில் எழுந்து பேசத் தயங்கும் பெண்களுக்குத் தனியான கலந்துரையாடல், தமிழர் முஸ்லிம் இருசாராரும் சேர்ந்து படிவங்களை வாசித்தல் ஆகியன பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியவை. அதன் பின்னர், இரண்டு வாரங்களுக்குள் ஒரு பக்க அறிக்கை பங்குபற்றிய அனைவருக்கும் அனுப்பப்படல் வேண்டும். பெறப்பட்ட பாராட்டுடன் முறைப்பாடும், ஏற்றுக்கொண்டவையுடன் ஏற்க முடியாதவையும் அதற்கான காரணமும் அதில் இருத்தல் அவசியம். மண்டபத்தில் ஒலிபெருக்கி பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று சென்ற முறை எழுதியவர், அது சரிசெய்யப்பட்டதை அடுத்த மாநாட்டின் வரவேற்புரையிலேயே கேட்பாராயின், அன்று மாலை அவர் நிரப்பும் படிவம் வேறுவிதமாக இருக்கும்.