பிள்ளை உறங்கும் இடம்



பிள்ளை பிறந்த வீட்டுக்கு மெத்தென்ற பஞ்சு மெத்தையும், தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணையும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். நாங்களும் அப்படிக் கொடுத்தவர்கள்தாம். அன்பாகக் கொடுப்பது ஆபத்தாகிவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கழுத்து நிற்காத பிள்ளையின் முகம் மெத்தையில் புதைந்தால், தலையைத் திருப்பிக்கொள்ள அதனால் இயலாது. அழுகைச் சத்தமும் வெளியே கேட்காது. ஆகவே படுக்கை உறுதியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். கையால் அழுத்தி எடுத்தபின் குழி அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். தாயின் அருகே தரையில் ஒரு பாய், அதன்மேல் சுருக்கமின்றி இழுத்து விரித்த பருத்தித் துணி, இவை போதும். ஒரு வயது வரை தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் உடன் வைக்க வேண்டாம்.

எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அமெரிக்காவில் 1994 முதல் இதை நாடெங்கும் வலியுறுத்திய பின், உறக்கத்திலேயே காரணமின்றி இறக்கும் குழந்தைகளின் விகிதம் பாதியாகக் குறைந்தது.

தூளியில் தாடை நெஞ்சோடு மடங்கினால் மூச்சு அடைபடும். தூங்கியதும் பாய்க்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.