காது வழி வந்த பிரியங்கள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், உங்களுக்குப் பிடிச்ச புக் எது? பிடிச்ச பிளேயர் யாரு?" என் பதில்கள் மாறியதில்லை. புத்தகம், ஆர்.கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்'. நாடகம், 'ஒத்தெல்லோ'. விளையாட்டு, ஐந்து நாள் கிரிக்கெட். பிடித்த ஆட்டக்காரர் என்று ஒருவரை மட்டும் சொல்ல எனக்கு வராது. பிடித்த ஆட்டம் என்றால் உடனே சொல்லிவிடுவேன். வாழ்க்கையில் பிடித்த காரியம், ஒரு வகுப்பின் முன்னால் நின்று ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பது. மாறியிருப்பது இவையெல்லாம் ஒருவரிடம் வந்து சேரும் வழி. எனக்கு எல்லாமே காது வழியாக வந்தன. என் மாணவர்களுக்கு எல்லாமே கண் வழியாக வருகின்றன.

1980களின் நடுவில் பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்தேன். நாராயணின் அந்த நாவல் எங்களுக்குப் பாடமாக இல்லை. நூலகத்தில் ஒரே பிரதி இருந்தது. எங்கள் பேராசிரியர் ஒருவர் அதைத் தன் பெயரில் எடுத்துவந்து, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அரைமணி நேரம் வாசிப்பார். விளக்கம் சொல்லமாட்டார், தமிழிலும் சொல்லமாட்டார். கிராமத்துப் பள்ளிகளிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வந்திருந்த எங்களுக்கு ஆரம்பத்தில் பாதிதான் பிடிபட்டது. போகப்போக, அவர் குரல் எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது என்பதை வைத்தே கதைக்குள் போய்விட்டோம். பொருள் தெரியாத சொற்கள் வந்தன, போயின. அகராதி பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

1945இல் வெளிவந்த நாவல் அது. நாராயணின் கற்பனை ஊரான மால்குடியில் கிருஷ்ணன் என்ற ஆங்கில ஆசிரியர். படித்த கல்லூரியிலேயே வேலை, விடுதியில் வாழ்க்கை. பிறகு மனைவி சுசீலா கைக்குழந்தையோடு வருகிறாள், குடித்தனம் தொடங்குகிறது. சொந்தமாக ஒரு வீடு பார்க்கப் போகிறார்கள். போன இடத்தில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குள் சுசீலா மாட்டிக்கொள்கிறாள். கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்த பிறகும், உள்ளே ஓர் ஈ தன் உதட்டில் உட்கார்ந்ததைச் சொல்லிச் சொல்லிக் கூசிப்போகிறாள். அந்த இடத்தில் மணி அடித்தது. பேராசிரியர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த ஈ ஒரு வாரம் எங்களோடு இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை டைபாய்டு காய்ச்சல், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சுசீலா இல்லை. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைபாய்டில்தான் இறந்தார் என்பதை, நாவல் முழுவதும் முடிந்த பிறகே பேராசிரியர் எங்களுக்குச் சொன்னார்.

அதே பகுதியைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இப்போதும் படித்துக் காட்டுகிறேன். போன ஆண்டு முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டைபாய்டுக்கு ஏன் சார் சாகணும்? மாத்திரை குடுத்தா சரியாயிருமே." எங்கள் தலைமுறைக்குத் தோன்றாத கேள்வி. எங்கள் பாட்டி வீடுகளில் விஷக்காய்ச்சல் என்ற பேரில் போன உயிர்களை நாங்கள் கேட்டு வளர்ந்திருந்தோம். டைபாய்டுக்குக் குளோரம்பெனிகால் கைகொடுக்கத் தொடங்கியது 1948இல், ராஜம் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. அதைச் சொன்னதும் வகுப்பில் சிலர் மனக்கணக்குப் போட்டார்கள். அந்த ஒன்பது ஆண்டுகள் அவர்களை உறுத்தியது முகத்தில் தெரிந்தது. எங்களை அழவைத்த பக்கத்தில் இவர்களுக்குக் கோபம் வருகிறது. மருந்து கிடைக்கும் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் கோபம் அது. இதைவிடப் பெரிய லாபம் ஒரு தலைமுறைக்கு வேறென்ன வேண்டும்?

புத்தகம் கிடைப்பதிலும் லாபம்தான். எங்கள் காலத்தில் சென்னைக்குப் போகிறவர்களிடம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிவரச் சொல்வோம். 1985 மே மாதம் அது எரிந்து போனது. இன்று மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டன. பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது. முன்பு ஒரு பிரதியைச் சுற்றி ஒரு வகுப்பே இருந்தது; இப்போது ஆளுக்கொரு பிரதி கைப்பேசியில் இருக்கலாம். ஆனால் அடுத்து என்ன என்று ஒரு வாரம் காத்திருக்க யாருக்கும் தேவையில்லை. சுசீலா பிழைப்பாளா என்று நான் நிறுத்திய நிமிடமே தேடிப் பார்த்து, பக்கத்துப் பையனிடம் சொல்லிவிடலாம். கூடிக் காத்திருந்த அந்த ஒரு வாரத்துக்கு ஈடாக எதையும் என்னால் இன்றுவரை வகுப்பில் கொண்டுவர முடியவில்லை.

கிரிக்கெட்டுக்கும் என்னை நாராயண்தான் தயார்படுத்தினார் என்று நினைக்கிறேன். 1935இல் வந்த 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்' நாவலில் மால்குடிப் பையன்கள் எம்.சி.சி. என்று ஓர் அணி தொடங்குகிறார்கள். பந்து வீசும் சுவாமிக்கு நண்பர்கள் வைக்கும் பட்டப்பெயர் டேட். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் மாரிஸ் டேட்டின் பெயர். அவர் வீசி ஒரு பந்தைக்கூட அந்தப் பையன்கள் பார்த்ததில்லை. பெயர் மட்டும்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

எங்களுக்கும் அப்படித்தான். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்டின் கடைசி நாள். ஆலன் பார்டர் முந்தைய நாள் ஸ்கோரிலேயே டிக்ளேர் செய்து, 348 ரன் எடுத்துப் பாருங்கள் என்று விட்டிருந்தார். சென்னை வெயிலில் 210 ரன் அடித்த டீன் ஜோன்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றியதை ஊரே பேசிக்கொண்டிருந்தது. கல்லூரிக்கு எதிர்த்த டீக்கடையில் வானொலிப் பெட்டி, பலகாரக் கண்ணாடிப் பெட்டியின் மேல் இருந்தது. அலைவரிசை நழுவும்போதெல்லாம் கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குமிழை மயிரிழை அளவு திருப்புவார். அந்த நேரத்தில் யாரும் டீ கேட்கமாட்டார்கள். கவாஸ்கர் 90இல் அவுட். மாலையில் விக்கெட்டுகள் சரிந்தன. ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போனார். 87ஆவது ஓவரின் ஐந்தாவது பந்தை கிரெக் மேத்யூஸ் வீச, மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா 347. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன்பு ஒரே ஓர் ஆட்டம்தான், 1960இல் பிரிஸ்பேனில், இப்படி 'டை' ஆகியிருந்தது. ஜெயித்தோமா, தோற்றோமா என்று தெரியாமல் கடை ஒரு நிமிடம் திகைத்து நின்றது.

பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போட்டோம். பார்க்காத பந்தைப் பற்றிய சண்டை. வர்ணனையாளர் சொன்ன வாக்கியம் மட்டுமே இரு தரப்புக்கும் சாட்சி. இன்று டி.ஆர்.எஸ். இருக்கிறது, பந்து எங்கே குத்தியது, மட்டையில் உரசியதா, ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நியாயம் என்று பார்த்தால் இன்றைய வழிதான் சரி. மணீந்தருக்கு அந்த வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனையும் உண்டு. அப்துல் ஜப்பாரின் தமிழை அப்படித்தான் கேட்டோம். சாத்தான்குளத்துக்காரர், அந்த ஊர் அப்போது எங்கள் மாவட்டத்தில் இருந்தது. ஆடுகளம், காற்று, பந்தின் போக்கு, தடுப்பாளர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் அவர் சொல்லால் கட்டிக் காட்ட வேண்டும். ஒரு சொல் தவறினால் கேட்பவனுக்கு மைதானமே இல்லை. இன்று தொலைக்காட்சியிலும் செயலியிலும் தமிழ் வர்ணனை நாள் முழுக்கக் கிடைக்கிறது. படம்தான் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதே, அதனால் பேச்சு வேறு பக்கம் போகிறது. என் மாணவர்களுக்கு ஒரு கட்டுரையில் கடைத்தெருவை விவரிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பயிற்சியை வானொலி கொடுத்தது.

அந்த டீக்கடைக் கூட்டத்தில் ஒரு பெண் கூடக் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அக்காவுக்கு எங்களைவிட ஆட்டம் தெரியும். அவள் வீட்டு ஜன்னலோரம் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் மேரி கோம் தன் குத்துச்சண்டை வாழ்வைச் சொல்லும் பாடம் இருக்கிறது. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்த மறுநாள், என் வகுப்பில் ஆட்டத்தை அலசியவர்கள் பெண்பிள்ளைகள். பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாடகத்தைப் பற்றி எனக்குச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் பார்த்ததே கொஞ்சம். ஆங்கில நாடகம் அந்நாளில் சென்னைக்காரர்களுக்கு உரியது. 1955இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ், எழும்பூர் அருங்காட்சியகத்தின் அரைவட்ட அரங்கம் எல்லாம் எங்களுக்குச் செய்தித்தாளில் படிக்கிற சங்கதிகள். ஒத்தெல்லோவை நான் முதலில் கண்டது 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில். சிவாஜியும் சாவித்திரியும் கல்லூரி மேடையில் ஆங்கிலத்தில் நடிக்கும் காட்சி அது. ஊர்க் கொட்டகையில் பழைய பிரின்டில் ஓட்டினார்கள். கல்லூரி விழாவில் 'வெனிஸ் வணிகன்' நீதிமன்றக் காட்சியை நாங்களே போட்டோம். மைக் பாதியில் நின்றுவிட, ஷைலக்காக நடித்தவன் கடைசி வரிசை வரை கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து பேசினான். இந்த மண்ணில் ஷேக்ஸ்பியர் அதற்கும் முன்பே தமிழில் பேசியிருந்தார். ஹேம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். இதை ஆங்கிலத் துறையில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

2020 ஊரடங்கில் லண்டனின் நேஷனல் தியேட்டர் தன் நாடகப் பதிவுகளை வாரம் ஒன்றாக யூடியூபில் இலவசமாக விட்டது. திருநெல்வேலியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'ட்வெல்ஃப்த் நைட்' பார்த்தேன். அத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த ஒரு நாடகம் எழுந்து நடமாடுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். இப்போது வகுப்புத் திரையில் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் நீங்கள் ஒரு காட்சி போடுங்கள் என்றால் கூச்சப்படுகிறார்கள். அவ்வளவு நன்றாக நடித்ததைப் பார்த்த பிறகு, தங்கள் உச்சரிப்பையும் போர்வையால் செய்த அங்கியையும் யார் மேடையேற்றுவார்கள்? எங்களுக்கு ஒப்பிட எதுவும் இல்லாததால் துணிச்சல் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்: முதலில் பிள்ளைகள் நடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் திரை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிளஸ் டூவில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், 1200க்கு 200 மதிப்பெண். இன்று ஒரே தாள், 600க்கு 100. அதில் 90 எழுத்துத் தேர்வுக்கு. இலக்கணத்தில் அன்றைய பிள்ளைகள் கெட்டி. செய்வினை செயப்பாட்டுவினையைத் தூக்கத்திலும் மாற்றுவார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் ஓடிவிடுவார்கள். இன்றைய பிள்ளைகள் பேசுகிறார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிற வீட்டுப் பிள்ளை, கேட்டுப் பழகிய ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் என்னிடம் சந்தேகம் கேட்கிறது. பிழைகள் இருக்கும். பயம் இல்லை. அந்தப் பயத்தைப் போக்க என் ஆசிரியர்களும் நானும் பட்ட பாட்டை நினைத்தால், கைப்பேசிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

படித்துக் கரைசேர்ந்த மாணவர்கள் முன்பு இன்லண்ட் லெட்டர் எழுதுவார்கள். மடிக்கும் விளிம்பு வரை நுணுக்கி எழுதிய நீலக் காகிதங்கள் ஒரு கட்டு என்னிடம் இருக்கிறது. இப்போது வருவது வாட்ஸ்அப் குரல் பதிவுகள். எழுத்துப் போய்விட்டதே என்று முதலில் வருந்தினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், குரல் திரும்ப வந்திருக்கிறது. வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் ஒரு பழைய மாணவி, தன் மகளுக்கு வகுப்பில் நான் படித்த மாதிரியே படித்து அனுப்பச் சொல்லிக் கேட்டாள். 'சுவாமி அண்ட் பிரெண்ட்ஸ்' நாவலில் வாரம் ஒரு பகுதி, வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். முழுவதையும் ஒரேயடியாக அனுப்பச் சொல்லி அந்தச் சின்னப்பெண் அடம்பிடிக்கிறாளாம், நான் அனுப்புவதில்லை. எம்.சி.சி.யின் பந்தயத்துக்கு முன்னால் சுவாமி பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போகும் இடம் வந்திருக்கிறது. ஆட்டத்துக்குள் அவன் திரும்பி வந்துவிடுவானா என்று போன வாரம் குரல் அனுப்பிக் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.