படக்கதை படித்த அப்பா!

பென்னாகரத்தில் வாரச் சந்தை கூடும் நாள் என்றால், முதல் நாள் இரவே எனக்குத் தூக்கம் போய்விடும். ஆடு வாங்க வருவோர், புளி விற்க வருவோர் என்று கூட்டம் அலைமோதும். என் கண் மட்டும் ஒரு மூலைக்கு ஓடும். அங்கே ஒருவர் சாக்கை விரித்துப் பழைய புத்தகங்கள் விற்பார்.

அந்தக் குவியலில் "காமிக்ஸ்" இருக்கும்!

அப்போது எனக்கு 9 வயது. ஆண்டு 1997. புத்தகம் 2 ரூபாய். அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தால் 1 ரூபாய் திரும்பக் கிடைக்கும். வாரம் ஒரு கதை!

இரும்புக் கை

எனக்குப் பிடித்தவன் "இரும்புக்கை மாயாவி". சோதனைச்சாலை விபத்தில் ஒரு கையை இழந்தவன். அதற்குப் பதில் இரும்புக் கை பொருத்தினார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்!

1972-ல் சிவகாசியில் "முத்து காமிக்ஸ்" தொடங்கியது. முதல் புத்தகமே மாயாவியின் கதைதான். ஆனால் அவன் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே 1962-ல் "வேலியண்ட்" என்ற வார இதழில் தோன்றியவன்.

கால்பந்து வீரன்

கல்லூரியில் படித்தபோது இன்னொரு செய்தி தெரிந்தது. மாயாவியை வெளியிட்ட நிறுவனத்திடம் "டைகர்" என்ற வார இதழும் இருந்தது. அதன் கதாநாயகன் ஒரு கால்பந்து வீரன். பெயர் ராய் ரேஸ்.

1954-ல் தொடங்கிய கதை அது. "மெல்செஸ்டர் ரோவர்ஸ்" என்ற கற்பனைக் குழுவுக்கு ராய் ஆடினான். இடது காலால் உதைத்தால் கோல்தான்! 1976-ல் அவன் பெயரிலேயே தனி வார இதழ் வந்தது.

1981-ல் ராய் சுடப்பட்டான். சுட்டவன் யார்? இங்கிலாந்துச் சிறுவர்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 1993-ல் வார இதழ் நின்றது. அதே ஆண்டு கதையில் ஒரு ஹெலிகாப்டர் விபத்து. அந்த இடது பாதத்தையே ராய் இழந்தான்!

"அடுத்து என்ன ஆகும்?" இந்த ஏக்கம் லண்டனிலும் ஒன்றுதான். பென்னாகரத்திலும் ஒன்றுதான். சிறுவர்களுக்கு மட்டுமா? என் அப்பாவையும் அதுதான் பிடித்துக்கொண்டது.

ஒளித்த அட்டை

அப்பாவுக்குப் படிப்பு இல்லை. மானாவாரி நிலத்தில் ராகியும் நிலக்கடலையும் பயிரிட்டார். என் மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைப்பார். அதைப் பார்த்து வகுப்பில் பையன்கள் சிரித்தார்கள்.

ஒரு முறை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அட்டையைக் காமிக்சுக்குள் ஒளித்தேன்.

படம் பார்க்கப் புத்தகத்தைப் புரட்டிய அப்பா, அட்டையைக் கண்டுவிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் கட்டை விரல் ரேகை அதில் இல்லை என்பது தெரியாதா?

அடி விழும் என்று நடுங்கினேன். அப்பா அடிக்கவில்லை. அட்டையை என் கையில் கொடுத்தார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார்.

"இவன் என்னடா சொல்றான்?" என்று கேட்டார்.

அது ஒரே எழுத்து. குத்து வாங்கிய திருடனின் அலறல்!

"ஆ!" என்றேன்.

"ஆ!" என்றார் அப்பா. இருவரும் சிரித்துவிட்டோம்.

முதல் கையெழுத்து

அன்று முதல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாடம். "ஆ"வுக்கு அடுத்து "ஐயோ". பிறகு "டுமீல்". படத்தைப் பார்த்து, அவன் என்ன பேசியிருப்பான் என்று அப்பா முதலில் சொல்வார். பிறகு எழுத்துக் கூட்டிச் சரி பார்ப்பார். சில சமயம் மாயாவி பேசியதைவிட அப்பா சொன்னதே நன்றாக இருக்கும்!

சில மாதங்களில் டீக்கடையில் பத்திரிகையைக் கையில் எடுத்தார். முதலில் படித்தது "கன்னித்தீவு" படக்கதை.

மறு ஆண்டு காலாண்டுத் தேர்வு அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டார். பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நின்றது. அதை வகுப்பில் எல்லாருக்கும் காட்டினேன்.

அந்தப் பொய்க் கையெழுத்தைப் பற்றி அப்பா இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீங்கள் சொல்லுங்கள்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தர்மபுரி மாவட்டத்தில் 7 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு சுமார் 68 பேருக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் குறைவு.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இந்தப் பத்திரிகையில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

"ஆ!" என்பதே போதும், தொடங்குவதற்கு!